வாய் நிறையத் தண்ணீர்

என்னங்க, நானும் குட்டியும் பாட்டுப் போட்டிக்குக் கிளம்பிவிட்டோம். நீங்கள் காலை நடை முடித்து வரும்வரை பேருந்து நிற்காது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டுங்கள்.

நேற்று குட்டி பாடப் பாட நான் திருத்தியபோது, "வரிக்கு வரி நீ நிறுத்தினா அவ காது எப்பத்தான் வேலை செய்யும்?" என்று கத்தினீர்களே. அதில் எனக்கு வந்த கோபத்திலேயே இன்று காலை வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு அவள் பாடும்போது எதிரில் உட்கார்ந்தேன். பாட்டு டீச்சரான எனக்குச் சும்மா இருக்க வேறு வழி தெரியவில்லை. இரண்டாம் வரியில் வழக்கம்போல் சுருதி இறங்கியது. எனக்குக் கண் பிதுங்கிவிட்டது. அவளாகவே நிறுத்தினாள். "அம்மா, இங்க இறங்குது, இல்ல?" என்றவள், நான் தலையாட்டுவதற்குள் திரும்பப் பாடிச் சரிசெய்துவிட்டாள். அப்பாடா என்று தண்ணீரை விழுங்கினேன். இனி மேடையில் அவளைத் தனியாக விடலாம்.

நீங்கள் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

பி.கு.: பாட்டைப் பற்றிச் சொன்னது மட்டும்தான். அதே மூச்சில் என் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்களே, அதில் எங்கே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள். சாயங்காலம் வந்து, வாயில் தண்ணீரோடு எதிரில் உட்காருகிறேன்.