படத்தில் அப்பா தூங்குகிறார்

ஐயா,

என் மேசைமேல் ஓர் அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடம் யாரோ ஒருவருடைய வேதப்புத்தகத்துக்குள் இருந்ததால், பழைய தாளும் முகப்பவுடரும் கலந்த ஒரு வாசனை அதில் இருக்கிறது. அட்டையில் எங்கள் வீடு. அப்பா பாயில் மல்லாந்து தூங்குகிறார். பக்கத்தில் சுவரில் சாய்ந்து நான் ஒரு புத்தகம் வாசிக்கிறேன். கீழே அச்சில் இப்படி இருக்கிறது: 'குடிக்கு அடிமையான தகப்பனுக்காகவும், அவர் அருகில் வேதம் வாசிக்கும் இந்த மகளுக்காகவும் ஜெபியுங்கள்.'

என் கையில் இருந்தது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கினார். அவர் குடிப்பதே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை இருக்கிற சின்னச் சின்னச் சபைகளுக்கெல்லாம் பஸ்ஸில் போய் வேதபாடம் எடுக்கிற உங்களை, மலேசியாவில் இருக்கும் தமிழ்ச் சபைகள் ஒரு மாதத்துக்கு அழைத்திருந்தன. புறப்படுவதற்கு முந்தின வாரம் விக்கிரமசிங்கபுரத்தில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொள்ள வந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. அப்பா படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. புருவத்திலும் தலைமுடியிலும் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. (அட்டையில் அது நரையைப் போலத் தெரிகிறது.) அம்மா அவரை எழுப்பப் போனாள். நீங்கள் தடுத்தீர்கள்.

"வேண்டாம்மா. ராத்திரி பூரா நின்னு உழைச்ச மனுசன். தூங்கட்டும்."

இது உங்கள் வாயால் சொன்னது. அதனால்தான் தெரியாமல் நடந்த பிழை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு போனை எடுத்து, "படிக்கிற பிள்ளை. அங்க சபையில காட்டணும்" என்றீர்கள். நான் எழுந்து முகம் கழுவிவரப் போனேன். "அப்படியே இரு, அதுதான் அழகு" என்றீர்கள். அப்படியே இருந்தேன். கடல் கடந்து யாரோ என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று அன்று முழுவதும் கால் தரையில் நிற்கவில்லை. நீங்கள் புறப்பட்ட நாளில் உங்கள் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி பஸ் ஸ்டாண்டுவரை தள்ளி வந்தவர் அப்பாதான்.

திரும்பி வந்ததும் உங்களை நான் எத்தனை கேள்வி கேட்டேன். அங்கே கோயிலில் எப்படி உட்காருவார்கள், நம் ராகத்தில்தான் பாடுவார்களா, பாட்டன் காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருமா என்றெல்லாம். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். "அங்க உள்ளவங்களுக்கு ஊர்க் கதைன்னா உயிரு. தாமிரபரணின்னு சொன்னாலே கண்ணு கலங்கிரும்" என்றீர்கள். கடைசியில், "ஈப்போவுல உன் படத்தைக் காட்டுனேன். ஒரு அம்மா அழுதுட்டாவ" என்றீர்கள்.

நான் படிப்பதைப் பார்த்து அழுதார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அந்த அம்மாவின் அழுகையை இரண்டு வருடம் எனக்குக் கிடைத்த பரிசைப் போல வைத்திருந்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போது தூக்கம் வந்தால் அவரை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் இப்போதுதான் தோன்றுகிறது. மலேசியாவிலிருந்து வந்தபின் நீங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கவே இல்லை. வாசலில் நின்றே பேசுவீர்கள். அப்பா உள்ளே கூப்பிட்டால், "அடுத்த சபைக்கு நேரமாச்சு" என்பீர்கள். ஊழியம் பெருகிவிட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. ஈப்போவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆராதனை தொடங்குமுன், கோயில் முற்றத்தில், அவர்களில் மூத்த அம்மா "பொன்னுத்துரை அண்ணன் யாருங்க?" என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா, மில் நண்பர்களோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அந்த அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, குடியை விட்டுட்டீங்கன்னு முகமே சொல்லுதே. ரெண்டு வருஷமா காலையில எழுந்ததும் முதல் ஜெபம் உங்களுக்குத்தான் பண்றேன்."

வேதப்புத்தகத்தைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினார். நடிப்பே இல்லை, ஐயா. "ஐயா ஈப்போவுல இந்தப் படத்தைக் காட்டுனப்போ அழுதுட்டேன்" என்றார். நான் பரிசாக வைத்திருந்த அழுகை அவருடையதுதான் என்று அப்போது தெரிந்தது. எதற்கான அழுகை என்றும் தெரிந்தது.

அப்பா அட்டையை வாசித்தார். மெதுவாகத்தான் வாசிப்பார், உங்களுக்குத் தெரியுமே. பிறகு கோயிலுக்குள் பார்த்தார். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் உங்கள் மனைவி ரூபி அம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆமாம்மா," என்றார் அப்பா. "விட்டாச்சு. ஸ்தோத்திரம்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் செல்லையா மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன வே, எப்பம் வே குடிச்சீரு? எனக்கு ஒரு சொட்டு காட்டலியே."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் பைய சொன்னது என் காதில் விழுந்தது. "வீட்டுக்குள்ள நடக்குதது யாருக்குத் தெரியும்? ஐயாகிட்ட மட்டும் சொல்லி அழுதிருப்பாவ. இல்லாமலா ஐயா சொல்லுவாவ?"

நீங்கள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று இந்த ஊர் நம்பும். நானும் அப்படித்தானே நம்பினேன்.

"அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வாரேன்ப்பா" என்றேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரிட்டி. உள்ள ரூபி அம்மா இருக்காவ. இன்னைக்கு அவிய நாளு."

"உங்க பேரு போவுதேப்பா."

"என் பேரு என்ன, அம்புட்டு லேசுல போயிருமாக்கும்?"

இப்படிச் சொன்னவர், கோயில் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற மறந்து உள்ளே இரண்டடி போய்விட்டார். யாரோ சொன்னபின் திரும்பி வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். உங்கள் பொய்யை அவர் முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

அன்று உங்களைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க என் பெயரும் நிகழ்ச்சித் தாளில் இருந்தது. எழுதிவைத்திருந்ததை அப்படியே வாசித்தேன். நீங்கள் எனக்குக் கொண்டுவந்து தந்த புத்தகங்கள், மழையில் நனைந்துகொண்டே வந்து அம்மாவின் காய்ச்சலுக்கு ஜெபித்தது, பஸ்ஸில் எப்போதும் உங்கள் இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு நிற்பது. அவற்றில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். மைக்கை விட்டு இறங்கவில்லை. பிரசங்கத்தில் முக்கியமான வாக்கியத்துக்கு முன்னால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூன்று எண்ணுகிற நேரம் பேசாமல் நிற்பீர்கள். சபை தானாக நிமிரும். நானும் மூன்று எண்ணினேன்.

"எங்கப்பா இருபத்தாறு வருஷமா மில்லுல வேலை பாக்காவ. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்ல தூங்குவாவ. அவிய குடிச்சதே இல்ல."

அடுத்த வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது: 'ஐயாவுக்கும் அது தெரியும்.' ரூபி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை விழுங்கிவிட்டு இறங்கினேன். அது உள்ளே கிடந்து உறுத்தியதால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தெரியும், ஐயா. உங்களுக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்ததும் ஈப்போ அம்மா எங்களிடம் வந்தார். அட்டையை என் கையில் வைத்தார். பிறகு, "அப்போ நான் இத்தனை நாளா யாருக்காகம்மா ஜெபம் பண்ணேன்?" என்று கேட்டார்.

அப்பாதான் சொன்னார். "எனக்குத்தாம்மா. நிறுத்திராதீங்க. நின்னு நின்னு முட்டு ரெண்டும் வலி எடுக்கு. அதைச் சொல்லுங்க ஆண்டவர்ட்ட."

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். செல்லையா மாமா அப்பாவைத் தோளில் தட்டி, "வாரும் வே குடிகாரரே, காபி குடிப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனார். முற்றத்தில் பேசிய அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், எங்கள் தெருமுனையில், "படத்துல வாயத் தொறந்துக்கிட்டாட்டி தூங்குதேன்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரமாகிவிட்டது. உங்கள் மேலிருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் இன்னொன்று அதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. மைக் முன்னால் நான் நின்ற அந்த மூன்று எண்ணிக்கை உங்களுடையது. ஒன்று எண்ணும்போது விசிறிகளின் சத்தம் கேட்டது. இரண்டில் குழந்தைகள்கூட அடங்கினார்கள். மூன்றில் மொத்தச் சபையும் என் வாயைப் பார்த்து நிமிர்ந்தது. அப்பாவின் பெயருக்காகத்தான் நின்றேன். இருந்தும் அந்த ஒரு நொடியில் நான் அப்பாவை மறந்திருந்தேன். அவர்கள் நிமிர்ந்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஈப்போவில் உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியதா, ஐயா?