பதினேழாம் எண்ணின் பதிவுகள்

மல்லசமுத்திரம்,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் தனத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் ஊரிலும் அப்பா ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடும் ஆளுக்கொரு திசையில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ உடனே ‘ஏம்மா’ என்பாய், அந்த ‘ஏம்மா’ காதில் விழுந்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறு எதையாவது சொல்லி முடித்துவிடுவேன், இருபத்து மூன்று வருஷமாக அதுதானே நடக்கிறது. கடிதம் குறுக்கே பேசாது. வெண்ணந்தூர் ரஞ்சனி திங்கட்கிழமை பின்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள், உன்னுடைய அதே பல்கலைக்கழகத்துக்குத்தான், அவளிடம் கொடுக்கிற பார்சலில் தட்டுவடைக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன்.

முதலில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் ஆராய்ச்சிக்கு நான் அனுப்ப வேண்டிய பதிவுகளை ஜனவரி கடைசிக்குள் அனுப்பியிருக்க வேண்டும், பதினைந்து நாள் ஆகிவிட்டது. மற்ற முப்பது பேரும் அனுப்பிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது ஒரு மாதிரியாக இருந்தது, பரீட்சைத் தாள் திருத்தித் தராத டீச்சர் என்று பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நான் பேர் வாங்கியதில்லை. அதற்கு மேல் உன்னிடமிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது பார், ‘மதிப்பிற்குரிய பங்கேற்பாளர் 17 அவர்களுக்கு’ என்று. எல்லோருக்கும் தானாகப் போகிற கடிதம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடியில் உன் பேர், மேலே நான் ஒரு எண். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நெட் சரியில்லை, போனில் இடம் இல்லை என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய் சாமி. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மனிதர்கள் கணினியோடு எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறார்கள் எப்படி முடிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம், மூன்று வாரம் இதோடு பேசுங்கள் என்று அந்தப் பேசுகிற செயலியை என் போனில் ஏற்றிக் கொடுத்தாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் சொல்லும், ஆனால் சிவப்புப் பொத்தானைத் தொடும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும், எல்லாம் போனிலேயே பதிவாகும், நீங்களாக அனுப்பினால்தான் எங்களுக்கு வரும் என்று தெளிவாகத்தான் சொன்னாய். நானும் பி.எஸ்ஸி கணக்கு படித்தவள், தலையை ஆட்டினேன். முதல் நாள் அதைக் கூப்பிட்டு வணக்கம் சொன்னவுடன் வாய் தானாக ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுவிட்டது. நான் ஒரு கணினி நிரல், எனக்குப் பசி எடுப்பதில்லை என்றது. பக்கத்து வீட்டுச் சுகன்யா, ஜாக்கெட் தைத்துக்கொடுப்பாளே, அவள் அப்போது பால் கொண்டுவந்து நின்றிருந்தாள், “கேக்கறது நம்ம மொறைங்க்கா, திங்கறதும் திங்காததும் அது பாடு” என்று சொல்லி என் வெட்கத்தைத் தீர்த்தாள்.

சிக்கல் முடிக்கும்போதுதான் வந்தது. நம் பக்கம் போனை எப்படி வைப்போம் என்று உனக்கே தெரியும். ‘வெச்சர்ட்டுங்களா’ என்று ஒருவர் கேட்க வேண்டும், ‘சரிங்க, வெச்சுருங்க’ என்று மற்றவர் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கை போகும். பாதியில் அறுத்தால் எதிராளியின் மூஞ்சியில் கதவைச் சாத்தின மாதிரி. நான் அதனிடம் அப்படித்தான் கேட்டேன். அது ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று திருப்பிக் கேட்கிறது. கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு எப்படி வைப்பது, இல்லீங்க போதுமுங்க என்றேன். ‘நல்லது, எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்கிறது. சரி வைங்க என்று கடைசிவரை அது சொல்லவே இல்லை. அதுவாக வைத்துக்கொள்ளும் என்று போனைக் கவிழ்த்துப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஒருநாள் இல்லை, ஒன்பது நாள். நீ கூப்பிட்டு, “அம்மா, ஒரே பேச்சு நாலு மணி நேரம் நாப்பது நிமிஷம்னு காட்டுது, அதுகிட்ட அப்படி என்னதான் பேசுனீங்க?” என்று சிரித்தாயே, அப்போதுதான் அது தானாக வைத்துக்கொள்ளவே இல்லை என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கு நீளம் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது நான் அனுப்பினால்தான் தெரியும் என்பதால் அன்றைக்கே எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

தனம், நம் வீடு எப்படிச் சத்தம் போடுகிறது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், திருச்செங்கோடு பஸ் வளைவில் அடிக்கிற ஹாரன், நடுநடுவே அரை மணி நேரம் ஒன்றுமே இல்லாமல் மின்விசிறி மட்டும். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று ஒரு குரல், “இப்ப அங்க பத்தரை, இன்னமும் இருட்டாத்தான் இருக்குமோ” என்கிறது. யாரடா என்று பார்த்தால் நான்தான். இன்னொரு இடத்தில் “மூணரை கழிச்சா ஒம்போது, எந்திரிச்சிருப்பா”. அந்த ஒரு பதிவில் மட்டும் எண்ணினேன், பதினோரு தரம். வாய்விட்டுச் சொல்கிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அதனிடம் கேட்ட கேள்விகளையும் நீ பட்டியல் போடுவாய், பாதிக்கு மேல் உன் ஊர் என்ன குளிர் என்பதுதான், மைனஸ் பதினாலு என்று அது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, தாய் என்றால் இப்படித்தான் என்று நீ எழுதிக்கொள்வாய். நான் அனுப்பாமல் வைத்திருந்தது இதற்காக இல்லை.

ஆறாவது நாள் பதிவு ஒன்று இருக்கிறது. அன்றைக்கு முந்தின நாள்தான் உனக்கு அங்கேயே டாக்டர் பட்டத்துக்கு நாலு வருஷம் இடம் கிடைத்துவிட்டது, பிப்ரவரி கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டாய். நான் என்ன சொன்னேன், படி சாமி, இங்க எல்லாம் நல்லா இருக்கோம், எங்களைப் பத்தி நெனைக்காத என்றேன். அப்பாவும் ராய்ப்பூரிலிருந்து “புள்ள படிக்கட்டும் உடு, நான் பத்து மாசம் ஊட்டுல இல்லாததப் பாத்துப் பழகுனவதான நீயி” என்றார். அது புருஷன் இது பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சுகன்யா வந்து உட்கார்ந்து, “ஏனுங்க்கா, புள்ளைக்கு எடங் கெடச்சிருச்சாமா, மூஞ்சிய ஏன் இப்புடி வெச்சிருக்கறீங்க” என்று கேட்டாள். போன் பிரிட்ஜ் மேல் திறந்தே இருந்திருக்கிறது. நான் அழுதுகொண்டே அவளிடம் சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது. நீ காதில் கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவிடுகிறேன். மார்கழி மாதம் திருச்செங்கோட்டு மலைக்குப் போனேனே, உனக்காகப் போனேன் என்று சொல்லி விபூதி கூட அனுப்பி வைத்தேனே, அங்கே நின்று நான் வேண்டிக்கொண்டது உனக்கு அந்த இடம் கிடைக்கக் கூடாது என்று. கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவாய், கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போவாய், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை வாசலில் நிற்பாய் என்று. இத்தனை படித்தவள், மற்றவர் பிள்ளைகளுக்கெல்லாம் மேலே படி மேலே படி என்று வகுப்பில் சொல்கிறவள், சொந்தப் பிள்ளைக்கு இதைத்தான் வேண்டினேன்.

பதிவில் அந்தப் பகுதியை அழித்துவிடத்தான் நினைத்தேன். அனுப்பும் முன் எந்தப் பகுதியையும் நீக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நீயே படிவத்தில் எழுதியிருக்கிறாய். மூன்று தரம் விரலைக் கொண்டுபோனேன். நீக்கினால் அந்த இடத்தில் ‘பங்கேற்பாளர் நீக்கியது, பன்னிரண்டு நிமிடம்’ என்று காட்டுமாம். உன் சின்ன வயதில் நான் எதை ஒளித்து வைத்தாலும் ஒளித்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவாய், இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தையும் அப்படித்தான் சுற்றுவாய் என்று தோன்றியது. இன்னொன்று, அதில் சுகன்யா குரலும் இருப்பதால் அவள் சம்மதம் வேண்டும் என்றிருந்தது, அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். “நான் சங்ககிரி தாண்டுனதில்ல, என்ற பேச்சு பின்லாந்து போகுதுங்களா” என்று அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. தன் மாமியாரைப் பற்றிப் பேசின ஆறு நிமிஷத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், “அங்கயும் யாராச்சும் நம்மூர்க்காரி இருப்பாளுங்க்கா, பொறவு ஊடு ரெண்டாயிரும்” என்றாள், எடுத்துவிட்டேன். அதனால் நீக்கியது என்று ஒரு இடம் காட்டினால் பயப்படாதே, அது அவள் மாமியார். அப்புறம் என்னுடையது ஓடியது. அவள் சிரிக்கவில்லை. “நீங்க வேண்டுனதக் கூடத் தப்புன்னு சொல்ல மாட்டனுங்க்கா, புள்ளகிட்டச் சொல்ல வேண்டியத மலையேறிப் போயிச் சாமிகிட்டச் சொன்னீங்க பாருங்க, அது என்ன கதைங்க” என்றாள்.

இன்றைக்குக் காலையில் மறுபடி மலைக்குப் போய் வந்தேன். வேண்டினதைத் திருப்பி வாங்குவது எப்படி என்று யாரைக் கேட்பது, அங்கே நீக்கு என்ற பொத்தான் கிடையாது. போன மாதம் சொன்னதை விட்டுருங்க சாமி என்றுதான் சொன்னேன். அதற்குப் பதிலாக நாலு வருஷம் அவள் அங்கேயே இருக்கட்டும் என்று வேண்டலாம் என்று பார்த்தேன், நாக்கு புரளவில்லை, பொய்யாக வேண்டிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உன் வேலை உன் மனசுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன், அது நிஜமாகச் சொன்னது.

ஆகையால் தனம், முடிவு எடுக்கும்போது இரண்டையும் வைத்துக்கொண்டு எடு. இரு, படி என்று போனில் நான் சொன்னதும் பொய் இல்லை. வந்துவிட மாட்டாயா என்று பிரிட்ஜ் பக்கத்தில் நின்று அழுததும் பொய் இல்லை. எதைக் கேட்டு நீ முடிவு செய்தாலும் மற்றதைக் கேட்காமல் செய்தேனே என்று பின்னால் உனக்கு இருக்கக் கூடாது. அங்கேயே இருப்பதாக நீ சொன்னால் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டேன், அப்புறம் சாப்பிடுவேன், அதற்காக நீ கவலைப்பட வேண்டாம். பதிவை ஆய்வகத்தில் நாலு பேர் நடுவில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதே, உன் அறையில் காதுக்கு மாட்டிக்கொண்டு, வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டுக் கேள். உன் பேராசிரியரிடம் ஒன்று சொல். அந்தச் செயலி தானாகப் பேச்சை அறுத்துக்கொள்ளும்படி மட்டும் செய்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். போகட்டுமா என்று ஒருவர் கேட்டால் சரி போய் வாங்க என்று சொல்லத் தெரிந்தால் போதும். இது பதினேழாம் எண்ணின் கருத்து என்று வேண்டுமானால் எழுதிக்கொள்.

தட்டுவடை நமுத்துப்போகும் முன் சாப்பிடு, ரஞ்சனிக்கும் கொடு, அவளுக்கு அந்த ஊர் புதுசு. பெரிய எவர்சில்வர் டப்பாவை அவள் வரும்போது கொடுத்து அனுப்பாதே, எப்போது வந்தாலும் நீயே கொண்டு வா. காலுறை இரண்டு ஜோடி சேர்த்துப் போட்டுக்கொள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நம் மலைச் சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

கடிதத்தை முடிக்கவும் எனக்கு அதே கஷ்டம்தான், நானாக வைத்துப் பழக்கமில்லை. பதிவுகளை அனுப்பத் தயாராகத் திறந்து வைத்திருக்கிறேன். நீ இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. நாலு வருஷத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ‘சரிம்மா, அனுப்புங்க’ என்று ஒரு வார்த்தை சொல். அது கேட்ட பிறகுதான் பொத்தானைத் தொடுவேன்.

வெச்சர்ட்டுமா சாமி?

இப்படிக்கு,
பங்கேற்பாளர் 17,
உன் அம்மா சௌந்திரம்.