சாக்கடையை ஆறென்று எழுதிவிட்டார்கள்

நேற்று திருப்பூர் போகிற வழியில், நொய்யல் பாலத்து மேல் கார் கண்ணாடியை இறக்கினேன். சாயமும் சாக்கடையும் கலந்த அந்த வாடை உள்ளே வந்ததும், பக்கத்து சீட்டில் நீ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மற்றவர்களை மல்லிகை வாசம் கூட்டி வரும். உன்னை இதுதான் கூட்டி வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். நீ படித்துப் பெரிய ஆளானாய். நான் கணபதி ஏரியாவில் மோட்டார் பம்ப் கடை போட்டேன். ஒருநாள் என் கடை அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இந்தியா முழுக்க ஆறுகளில் அந்தக் காலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவதாகச் சொன்னாய்.

"யாருமே அளக்காத ஆத்துக்கு நீ எப்படிப் புள்ள கணக்குச் சொல்லுவே?" என்று சிரித்தேன்.

"நீ மட்டும்? மழையையும் பாறையையும் பாத்துத்தானே எந்த ஊருக்கு எந்த மோட்டார் போகும்னு வாங்கி வெக்கறே? நானும் மழை, வெயிலு, மண்ணு, சரிவு எல்லாத்தையும் போட்டுத்தான் பாக்கறேன்."

உனக்கு ஒரு டீ சொல்லி அனுப்பினேன்.

தகராறு நம்ம நொய்யலில்தான் வந்தது. நகரத்துக்குக் கீழே, சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும் என்றது உன் கணக்கு. அங்கே ஆற்றுநீரை அளக்க வைத்திருந்த மீட்டரோ, தண்ணீர் ஓடுகிறது என்றது. கணக்கைத் திருத்தி மீட்டரோடு ஒத்துப்போக வை என்றார்கள் உன் கூட வேலை செய்தவர்கள். நீ என்னையும் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாய். நுரை தள்ளிக்கொண்டு போனது. "கணக்கு சரிதான். ஆறு வறண்டுதான் கெடக்கு. இது நாம ஊத்துனது" என்றாய். கம்ப்யூட்டர் வரைபடத்தில் இரண்டு கோடு போட்டாய்: ஆற்றுக்கு ஒன்று, நாம் ஊற்றியதற்கு ஒன்று.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்த அநியாயத்தைக் கேள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடையை மடக்கி, புதுக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு திட்டம். அறிக்கை எழுதிய கம்பெனி உன் கணக்கையே எடுத்து, இரண்டு கோட்டையும் ஒன்றாக்கிவிட்டது. நொய்யல் இப்போது வருஷம் முழுக்க ஓடுகிற ஜீவநதியாம்! மேலே எடுத்தாலும் கீழே குறையாதாம். எப்படிக் குறையும்? கீழே ஓடுவது மலைத்தண்ணியா? நடுவில் இருக்கிற குளமும் தென்னந்தோப்பும் காய்ந்து கருகினாலும் அந்த மீட்டர் அசையாது. இத்தனைக்கும் ஆதாரம் என்று முதல் பக்கத்தில் உன் பெயர். அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் சிநேகிதி போட்ட இரண்டு கோட்டில் ஒன்று எங்கே என்று கேட்டேன்.

"மீட்டர் பொய் சொல்லாதுங்க மேடம்" என்றார் கம்பெனி இளைஞர்.

"சொல்லாதுங்க தம்பி. ஆனா வாரது மழைத்தண்ணியா கக்கூஸ் தண்ணியான்னு அது கேக்காதுங்களே."

கூட்டம் சிரித்தது. அவருக்குச் சுருக்கென்றது. "நீங்க இந்தத் துறைங்களா?"

"இல்லீங்க, மோட்டார் விக்கறவ. திட்டம் வந்தா எனக்குத்தான் யாவாரம். அப்படியிருந்தும் சொல்றேன், இது பித்தலாட்டமுங்க."

கூட்டம் முடிந்ததும் அவரே ஓரமாக வந்தார். "அறிக்கையில உங்க சிநேகிதி பேரை வேணா எடுத்தர்றோங்க. பிரச்சினை வேண்டாங்க."

நான் பார்க்காத பேரமா? எதிராளி தானாக வந்து ஒன்றைத் தள்ளுபடி செய்தால், அதைவிடப் பெரிதாக எதையோ பிடித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். உன் பெயர் போய்விட்டால், கணக்கு யாருடையது, எதை மாற்றினீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. அந்த ஒற்றைக் கோடு மட்டும் நிலைத்துவிடும்.

"பேரு இருக்கட்டுங்க. அவ போட்ட ரெண்டாவது கோட்டைத் திரும்பப் போடுங்க" என்றேன்.

குறித்துக்கொண்டோம் என்றார்கள். குறித்துக்கொள்வதற்கு என்ன, கையா வலிக்கிறது?

அடுத்த கூட்டத்துக்குத் தோப்புக்காரர்களை வண்டி வைத்துக் கூட்டிப் போகிறேன். நீ இருந்தால் படம் காட்டிப் பொறுமையாகப் பேசியிருப்பாய். எனக்கு அது வராது. தெரிந்ததெல்லாம் பேரம் ஒன்றுதான். கொஞ்சம் விட்டுக் கொடுத்து முடிக்கிறதுதான் இத்தனை வருஷத்து என் தொழில். உன் கணக்கில் மட்டும் விட்டுக் கொடுக்க எங்கிட்ட ஒன்றுமில்லை புள்ள. இது படியாத பேரம். படியாமலே உன் ரெண்டாவது கோட்டைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.