நடுவில் ஓர் ஆள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருக்கட்டும். முதலில் நல்ல செய்தி. உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லோடு சேர்த்துப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்ததும் வராததுமாக, தைக்க வந்த துணியையெல்லாம் நடை வழியில் போட்டு வைத்திருக்கிறேன் என்று அத்தை என்னைத் திட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

போனில் புனிதர் படத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். கத்தோலிக்கரான என் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்து, எனக்காக ஆண்டவரிடம் கேளுங்கள் என்று நான் வேண்டிக்கொள்ளும் அந்தப் படத்தைப் போன மாதமே எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். செத்தவர்களிடம் பேசுகிற வீட்டுக்கு லீவில் வரமாட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகு வேறு என்ன செய்வேன்? அத்தையும் உங்கள் கட்சிதான். கடவுளுக்கும் நமக்கும் நடுவில் இயேசு ஒருத்தர் இருக்கும்போது இன்னொரு ஆள் எதுக்கு என்றார்கள். பக்கத்து வீட்டு டீச்சரிடம் எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று நீங்களே கேட்கிறீர்களே, அது மாதிரிதான் இதுவும் என்றேன். டீச்சருக்குக் காது இருக்கு, செத்தவருக்கு இருக்கா என்று கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆபரேஷன் அன்று நடந்ததைக் கேளுங்கள். தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது அத்தையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் கேட்கிறார்களோ என்று குனிந்தேன். என்னிடம் பேசவில்லை. போய்ச் சேர்ந்துவிட்ட மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னங்க, நீங்க ஆண்டவர் பக்கத்துலதானே இருக்கீங்க, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார்கள். மாமா உயிரோடு இருந்தவரை அவரிடம் அத்தை எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தியதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நர்ஸ் என்ன நினைத்தாரோ தெரியாது.

நேற்று மாத்திரை கொடுக்கும்போது, மாமாவிடம் மட்டும் கேட்கலாமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒண்ணும் புனிதர் இல்ல, என் புருஷன், அது வேற என்றார்கள். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, உன் ஆளைத் தையல் மிஷினுக்கு மேல மாட்டிக்கோ, என் கட்டிலுக்கு நேரா மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் அவர்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன், நீ கேட்டா தடுக்கவும் மாட்டேன் என்று வேறு சொன்னார்கள்.

மாட்டிவிட்டேன். உங்களிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. மனசு லேசாகிவிட்டது, நீங்கள் என்ன சொல்வீர்களோ என்ற பயம் மட்டும் பாக்கி இருக்கிறது.

அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறீர்கள். நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும், இந்த லீவுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். அதற்கு மட்டும் நான் யாரையும் சிபாரிசுக்குக் கூப்பிடுவதில்லை. உங்களுக்குப் பிடித்த மாதிரி, நேராக ஆண்டவரிடமே கேட்கிறேன்.

வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உங்கள் மனைவி