இரண்டு அஞ்சு போட்ட லென்ஸ்

புரட்டாசி 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வியாழக்கிழமை செல்வராசுவுக்கு வருசத் திதி. (இனி செ. என்றே எழுதுகிறேன். மகன் பெயரை முழுதாக எழுதினால் கை நின்றுவிடுகிறது.)

வாங்க வேண்டியவை: வாழையிலை, எள், வெல்லம், பூசணி. அவனுக்குப் பிடித்த கச்சாயம் நானே சுட வேண்டும். மருமகள் அமுதா சுட்டால் எண்ணெய் குடிக்கும்.

என் ஓரகத்திக்குச் சொல்லப் போவதில்லை. எழவு வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை பத்தலை என்றவள்.

படையலில் அவன் லென்ஸை வைக்க ஆசை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அவன் தொழில். அதற்குப் புதிதாக வாங்கியது. பீரோவில் பெட்டியோடு இருக்கிறது. ஆனால் அது மூளிப் பொருள். எத்தனை தூரத்தில் நிற்பவரைப் படம் பிடிக்கிறோம் என்று பார்க்க அதன் வளையத்தில் எண் பொறித்திருக்கும். 1, 2, 3, 5, 10 என்று வர வேண்டும். இதில் 1, 2, 5, 5, 10. கம்பெனியிலேயே மூன்றுக்குப் பதில் அஞ்சைப் போட்டுவிட்டார்கள். மூளியை எப்படிப் படையலில் வைப்பது?

புரட்டாசி 4, சனி

வெயில். முட்டிவலி. இருந்தும் லென்ஸை எடுத்துக்கொண்டு சூலூர் கடைவீதிக்குப் போனேன். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர், என் கல்யாணக் குடத்துக்குப் பேர் வெட்டியவரின் மகன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு லென்ஸைப் பார்த்தார்.

"ஏனுங்காத்தா, இது எந்தச் சீருக்குங்க? பேரு யாருதுன்னு போடட்டும்?"

"பேரு வேண்டாங்க. இந்த அஞ்ச மூணாக்கிக் குடுங்க."

"ஆத்தா, அண்டா குண்டாவுலதான் எனக்குக் கை வரும்."

"உங்கப்பாரு குண்டூசித் தலையில எழுதுவாரு."

மிசினைப் போட்டார். மிசின் கொசு மாதிரி இரைந்தது. பழைய கோட்டைக் கறுப்பு மையால் அடைத்து, புதுக் கோட்டில் வெள்ளை பூசிக் கொடுத்தார். நல்ல மூணு.

அமுதாவிடம் காட்டவில்லை. படையலன்று பார்க்கட்டும்.

புரட்டாசி 6, திங்கள்

மேகமூட்டம். செ.யின் போனுக்கு அமுதா இன்னும் சார்ஜ் போடுகிறாள். அதற்கு யாரோ கூப்பிட்டார்கள். "அத்தை, பீளமேட்டுல இருந்து ஒருத்தருங்க. லென்ஸப் பத்திக் கேக்கறாரு. அவரு தவறிப்போனது தெரியாதாம். போன்லயே அழுதுபோட்டாருங்க. நாளைக்கு வாராராம்."

அந்த லென்ஸ் வந்த நாளில் பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். செ. சிரித்துக்கொண்டே காட்டினான். "பாருங்கம்மா, ரெண்டு அஞ்சு."

"கடைக்காரன் உன் மூஞ்சியப் பாத்துத் தள்ளிவிட்டிருக்கான். உங்கப்பனாட்ட ஏமாளி. கொண்டு போய்த் திருப்பிக் குடு."

"இருக்கட்டுங்கம்மா. இதுதான் விசேசம்."

அப்பன் பேரை இழுத்ததற்கு அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டது நான். பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். "போயிட்டு வாரேனுங்கம்மா" என்றான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. மண்டபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

புரட்டாசி 7, செவ்வாய்

பீளமேட்டுக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். காப்பி கொடுத்தோம். கம்பெனியில் தப்பாக வந்த லென்ஸ்களைத்தான் சேர்க்கிறாராம். பேரில் ஓர் எழுத்து விட்டுப்போனது, சிவப்புக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நீலக்கோடு போட்டது. கம்பெனி கண்டுபிடித்துத் திருப்பி வாங்கிக்கொள்ளுமாம். தப்பி வெளியே நிற்பது ஒன்றோ இரண்டோ. அதனால் நல்லதைவிடக் கெட்டதற்குத்தான் விலை அதிகம்.

"செல்வராசண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமுங்கம்மா. போன வருசம் பேசுனாரு. தாரேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. 'அம்மா கோவமா இருக்காங்க. பேசட்டும், ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேன்'னாரு. அப்புறம் போனே இல்லீங்க. மனசு மாறிட்டார்னு நெனச்சுட்டேன்."

அமுதா பெட்டியை எடுத்து வந்தாள். அவர் வளையத்தைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார்.

"இதுல மூணு இருக்குதுங்களே?"

அமுதா என்னைப் பார்த்தாள். சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கர்ச்சீப்பால் துடைத்து மூடி போட்டார். "நல்லா வெட்டியிருக்காருங்கம்மா" என்றார். படி இறங்கும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அமுதா பெட்டியை மறுபடி பீரோவில் வைத்தாள். இராத்திரிச் சோறு இருவரும் உண்ணவில்லை.

புரட்டாசி 8, புதன்

வெயில். மறுபடி கடைவீதி. "இத முன்னாட்ட அஞ்சாக்கித் தர முடியுங்களா?"

"ஆத்தா, நீங்கதான மூணு கேட்டீங்க. வெட்டுனது வெட்டுனதுதானுங்க. நான் போடற அஞ்சு கம்பெனி அஞ்சாகுமுங்களா?"

ஆகாது. எனக்கும் தெரியும். கேட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

புரட்டாசி 9, வியாழன்

மழை இல்லை. கச்சாயம் நானும் சுட்டேன், அமுதாவும் சுட்டாள். அமுதா சுட்டதே நன்றாக வந்தது, என்னுடையது கருகியது. லென்ஸை செ.யின் படத்தின் முன் வைத்தோம். பொட்டு வைக்கப் போனேன். அமுதா கையைப் பிடித்தாள். "வேண்டாங்கத்தை. அதுக்கு இனியும் ஒண்ணும் செய்ய வேண்டாம்." ஒரு வருசத்தில் அவள் என்னை அதட்டியது இதுதான் முதல்.

மாடியில் இலை வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். ஒன்று வந்து மதிலில் உட்கார்ந்தது. இறங்கவில்லை. செ. கேட்க நினைத்ததற்குப் பதில் சொன்னேன்.

"யாருக்கும் குடுக்க வேண்டாங்கண்ணு. ரெண்டு அஞ்சோடயே நீ வெச்சுக்க."

காகம் தலையைத் திருப்பிக்கொண்டது.

பதினோரு நாள் நான் பேசாமல் இருந்தேன். அவனும் இருக்கட்டும். இலையை எடுக்கவில்லை.