மூன்றாம் வரிசை, ஏழாம் குழி

மார்ச் 4

மழை. குழிகளை மூடிவிட்டு நாள் முழுக்கக் கொட்டகையில் எலும்பு கழுவினோம். பழைய ஆஸ்பத்திரியின் பின்பக்க நிலம் இது. புதுக் கட்டடம் எழும்புவதற்குள் அடியில் கிடப்பதை எடுத்துப் பதிவுசெய்ய மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு பல்வலியே தீராது.

பிறந்து ஓரிரு நாளில் இறந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்காரர்களே இங்கே புதைத்திருக்கிறார்கள். பெற்றவர்களைக் கூப்பிடவில்லை. "நாங்க பாத்துக்கறோம்" என்பதோடு சரி. யார் புதைத்தாரோ, ஒவ்வொரு தலைக்கும் கீழே ஒரு தட்டைக் கல் வைத்திருக்கிறார். எந்த உத்தரவிலும் அது இருந்திருக்காது.

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். செய்தித்தாளில் பார்த்துவிட்டாள். "என் பொண்ணு அங்கதான்டா இருக்கா."

முப்பத்தெட்டு வருடமாக வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. ஒரே ஒரு நாள் உயிரோடிருந்த குழந்தை. அதன்பின் அவளுக்குப் பிள்ளை இல்லை. அத்தானும் போய் நான்கு வருடம். "எடுத்துக் குடுடா. அவர் பக்கத்துல வெச்சிடறேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

சரி என்றேன். ஏதோ என் சட்டைப்பையில் இருப்பது மாதிரி! என்ன திமிர் எனக்கு.

மார்ச் 11

ஆஸ்பத்திரியின் புதைப்புப் பதிவேடு கிடைத்துவிட்டது. பெயர்கள் இல்லை. தாயின் கட்டில் எண், தேதி, வரிசை, குழி, அவ்வளவுதான். அக்காவைக் கேட்டேன். நேற்று வைத்த சாவியை மறப்பவள், "பத்தொம்போது" என்றாள், மூச்சு விடாமல்.

மூன்றாம் வரிசை, ஏழாம் குழி.

மார்ச் 14

ஆறில் இருக்கிறது. எட்டில் இருக்கிறது. ஏழில் கல் மட்டும். எப்போதோ தண்ணீர்க் குழாய் பதித்தவர்கள் குறுக்கே வெட்டிக் கலைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எலும்பு எங்கே?

மார்ச் 15

தெரிந்துவிட்டது. தெரியாமலே தொலைந்திருக்கலாம்.

நாங்கள் வந்த முதல் வாரம், பதிவேடெல்லாம் வருவதற்கு முன்பு, குழாய் ஓரத்துக் கலைந்த மண்ணைச் சலித்தபோது ஒரு தட்டு சிறு எலும்பு வந்தது. குறிப்பேட்டில் "விலங்கு" என்று இருக்கிறது. என் கையெழுத்து. கலைந்த மண்ணில் வரும் விலங்கெலும்பை எடைபோட்டு, ஒரு படம் எடுத்து, மண்மேட்டிலேயே திருப்பிக் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். அந்த மேடு லாரியேறிப் போய் மூன்று வாரமாகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் எலும்புக்கு முனைகள் சேர்ந்திருக்காது. பூனை, கோழி என்று கற்றுக்குட்டிதான் ஏமாறுவான். தட்டின் ஓரத்தில், காதுக்குள்ளிருக்கும் அந்தக் கெட்டி எலும்பு. அதை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். அன்று சொல்லவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என்ன அவசரம்? சாப்பாட்டுக்கு நேரமாச்சு. ஐயோ, சாப்பாட்டுக்குடா! சோத்துக்கு!

மார்ச் 17

அக்கா: "எப்படா வரட்டும்?"

மார்ச் 19

எட்டாம் குழியைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. கேட்பாரில்லாதவற்றை ஒரே குழியில் சேர்த்து மூடப்போகிறார்கள். அதற்குப் பதில் அந்தக் குழந்தைக்கு ஒரு அம்மா கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படித்தான் ஆரம்பிக்கும். தெரிகிறது.

மார்ச் 20

கொடுத்துவிட்டேன். ஏழில் குழந்தை, எட்டு காலி என்று பதிவையும் மாற்றி எழுதினேன்.

அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ லேசா இருக்காளே" என்றாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்குப் பசிக்கும், வா சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 23

அத்தான் பக்கத்தில் வைத்தோம். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தன் பெண்ணுக்குப் பெயர் வைத்திருந்தாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 2

கொட்டகை வாசலில் வயதான அம்மா ஒருவர். பிளாஸ்டிக் உறைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு. கட்டில் இருபத்திரண்டு. பதிவேட்டில் தேடினால், மூன்றாம் வரிசை, எட்டு. "பையன் சார்" என்றார்.

எங்கள் அகழாய்வு இயக்குநர் பதிவைப் புரட்டிப் பார்த்து, "அது காலிங்கம்மா" என்றார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நல்லா பாத்தீங்களா?"

"பாத்தோம்மா" என்றேன்.

ஏப்ரல் 3

மனைவியிடம் சொன்னேன். "செத்ததைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 5

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்ப அவ எங்க?"

"மண்ணோட போயிட்டாக்கா."

"மண்ணு எங்க போச்சு?"

"புது பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல பள்ளம் இருந்துச்சுல்ல, அத நிரப்ப."

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "அந்தம்மாவக் கூப்பிடு. அவங்க பையன் எங்கிட்ட எதுக்கு?"

ஏப்ரல் 8

நான்தான் தோண்டினேன். அக்கா பெட்டியைத் தன் கையாலேயே அந்த அம்மாவிடம் கொடுத்தாள். "உங்களுது கிடைச்சுதாம்மா?" என்று அவர் கேட்டார். "இல்லம்மா" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. இயக்குநரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

வீட்டு வாசலில் அக்கா சொன்னது: "இனிமே இங்க வராதடா."

மே 17

மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறாளாம். எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாளாம்.

"யாருக்கு அண்ணி காத்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"காத்திருக்கல. கூட இருக்கேன்."