அப்பா நின்றுவிட்ட வரி

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், மகளே.

நீ வீட்டை விட்டுப் போய் நான்கு வருடம், இரண்டு மாதம். வரும் ஞாயிறன்று ஸிட்டாவ் நகரத்துக் காப்பிக் கடையில் முந்நூறு வருடப் பழைய சிரிப்புப் பாட்டுக்கதை, அந்தக் காலத்து வாத்தியங்களோடு. மகளை வீட்டை விட்டுத் துரத்தும் தகப்பனாக அப்பா பாடுகிறார். ஆட்டுக் குடல்நரம்பு கட்டிய பழைய செல்லோ எனக்கு.

இன்று ஒத்திகையில், “வெளியே போடி” என்ற வரியில் நின்றுவிட்டார். அங்கே பாடுகிறவர் வாய் திறக்கும்வரை வாத்தியங்கள் காத்திருக்க வேண்டும். நானும் வில்லை நரம்பில் வைத்துக் காத்திருந்தேன்.

“என்ன பெரியவரே, மறந்துபோச்சா? வீட்ல கத்துற மாதிரியே கத்துங்க!” என்றார் பியானோ போன்ற ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் வெண்டலின். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா பாடினார். நீ போன அன்று உன்னிடம் கத்திய அதே குரல். கைதட்டினார்கள்.

அன்று நான் வாயே திறக்கவில்லை. இன்றும் அந்தக் குரலுக்குச் சுருதி பிசகாமல் துணை வாசித்தேன்.

உன் அம்மா